அடைக்கலம் அறாமல் நடந்த திருப்பணி

மயிலாப்பூர்க் கடற்கரையை ஒட்டி முற்காலத்தில் நேமிநாத தீர்த்தங்கரருக்கு ஓர் ஆலயம் இருந்தது. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு ‘நேமிநாதம்’ என்று பெயர் வைத்தது அந்த மயிலைப் பெருமானை நினைந்தே. அவிரோதி ஆழ்வார் திருநூற்றந்தாதி பாடியதும் அவர்மீதே. கடல் ஊருக்குள் புகும் என்னும் அச்சம் எழுந்தபோது திருமேனியை அங்கிருந்து எடுத்துச் சென்றார்கள் என்பதும், அது பின்னர் மேல்சித்தாமூரில் நிலைபெற்றது என்பதும் தமிழ்ச் சமணர் குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்திகள். மயிலையில் ஆலயம் மறைந்தது, வழிபாடு மறையவில்லை. இடிந்தபின் இடம் தேடாமல், இடியும் முன்னரே இடம் பார்த்த முன்னோரின் அறிவு இச்செய்தியில் அடங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டுக் கோயில்களில் பாலாலயம் என்றொரு முறை உண்டு. திருப்பணிக்காகக் கருவறையில் கைவைக்கும் முன்னர், இறைவனை ஒரு சிறிய இடத்தில் எழுந்தருளச் செய்துவிடுவார்கள். விளக்கும் பூசையும் அங்கே தொடரும். கல்தச்சர் தம் வேலையைச் செய்வர். அருச்சகர் தம் வேலையைச் செய்வர். திருப்பணி முடிந்த பின்னரே மூலத்தானத்துக்குத் திரும்புதல். கட்டடம் வேறு, அது கட்டப்பட்ட நோக்கம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

இறைவனுக்குச் செய்யும் இந்த ஏற்பாட்டை மனிதருக்கும் செய்யவேண்டிய இடங்கள் சில உண்டு. ஆதரவற்ற சிறுவர் இல்லம், முதியோர் இல்லம், கைவிடப்பட்ட பெண்டிர் தங்கும் விடுதி ஆகியவை அவை. பள்ளிக்குக் கோடை விடுமுறை உண்டு. அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வேறு தெருவில் நடத்தலாம். காப்பகத்துக்கோ விடுமுறை இல்லை. அங்கே இருப்பவர்களுக்கு வேறு வீடு இல்லை என்பதனாலேயே அவர்கள் அங்கே இருக்கிறார்கள். கூரை ஒழுகும், கழிப்பறை போதாது, சுவர் வெடிக்கும். பழுது பார்த்தே ஆகவேண்டும். ஆனால் அன்று இரவும் எண்பது வயதுக் கிழவிக்குப் படுக்கவும், எட்டு வயதுச் சிறுவனுக்கு உண்ணவும் இடம் வேண்டும். இந்தச் சிக்கலை மயிலாப்பூரும் தியாகராய நகரும் அடையாறும் அவற்றை அடுத்த பகுதிகளும் நூறாண்டுகளுக்கு மேலாக அறிந்தவை.

பனிக்கட்டிக் கிடங்கு பெண்களின் இல்லமான கதை

கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் வட்டமுக மாளிகை, மனிதர் வாழ்வதற்காகக் கட்டப்பட்டதன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர் கப்பலில் அனுப்பிய பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842இல் எழுந்த கிடங்கு அது. இந்தியாவிலேயே பனிக்கட்டி செய்யும் முறை வந்தபின் அவ்வணிகம் நொடித்தது. சென்னை உயர் நீதிமன்ற வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அக்கட்டடத்தை வாங்கினார். வெப்பம் புகாமல் அடைத்து வைக்கப்பட்ட அதற்குச் சாளரங்கள் திறந்து, வட்டத் தாழ்வாரங்கள் சேர்த்து, வீடாக்கினார். நீதிபதி கெர்னன் நினைவாக அதற்குக் ‘காசில் கெர்னன்’ என்று பெயரிட்டார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் தங்கியதும், பின்னர் சுவாமி ராமகிருஷ்ணானந்தர் மடம் நடத்தியதும் இங்கேதான்.

1906இல் அந்த மாளிகை ஏலத்துக்கு வந்தது. ராமகிருஷ்ணானந்தர் அதே வளாகத்தில் இருந்த ஒரு புறவீட்டுக்குத் தம் வழிபாட்டை மாற்றிக்கொண்டார். 1907இல் மயிலாப்பூரில் மடத்துக்கென்று ஓர் இடம் அமைந்தது. மாளிகை கைமாறிய காலத்திலும் மடம் நின்றுவிடவில்லை. புறவீட்டில் ஒடுங்கி நின்று பணியைத் தொடர்ந்தது.

அதே கட்டடத்தின் அடுத்த வரலாறு இன்னும் கனமானது. 1886இல் மயிலாப்பூரில் பிறந்த சுப்புலட்சுமி சிறுவயதிலேயே மணமாகி, சிறுவயதிலேயே கணவரை இழந்தவர். தந்தையார் அவரை மூலையில் உட்கார்த்தி வைக்காமல் படிக்க வைத்தார். 1911இல் அவர் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தம்மைப் போன்ற இளங்கைம்பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, சித்தி வாலாம்பாளின் துணையுடன், எழும்பூரில் ஒரு வீட்டில் இல்லம் தொடங்கினார். எண்ணிக்கை பெருகியது. இல்லம் திருவல்லிக்கேணிக்கு மாறியது. அங்கும் இடம் போதவில்லை. 1917இல் அரசாங்கம் பழைய பனிக்கட்டிக் கிடங்கை வாங்க, இல்லம் அங்கே குடியேறியது.

இந்த இடமாற்றங்களை இன்று வாசிப்பவர் எளிதாகக் கடந்துவிடலாம். அந்நாளின் சூழலை நினைத்துப் பார்க்கவேண்டும். கைம்பெண் எதிரே வருவதே அமங்கலம் என்று தெருவே முகம் திருப்பிய காலம் அது. ‘வீடு மாறுகிறோம், இரண்டு மாதம் உங்கள் ஊருக்குப் போய் வாருங்கள்’ என்று அப்பெண்களிடம் சொல்லியிருந்தால், அவர்களுள் எத்தனை பேர் திரும்பி வந்திருப்பார்கள்? புகுந்த வீட்டு அடுக்களை அவர்களை மீண்டும் விழுங்கியிருக்கும். படிப்பு அறுந்தால் மறுபடி ஒட்டாது. ஆகவே ஒவ்வொரு முறையும் இல்லம் முழுமையாகவே பெயர்ந்தது: பெண்கள், சித்தி, சமையல், பாடம் அனைத்தும் சேர்ந்து. கட்டடம் மாறியது, அன்றாட ஒழுங்கு மாறவில்லை. அந்த ஒழுங்கே அப்பெண்களுக்கு வீடு.

1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் தலைமையை ஏற்றவரும் சகோதரி சுப்புலட்சுமியே. அடைக்கலம் தேடி வந்தவர்களுள் பலர் ஆசிரியைகளாக வெளியே சென்றார்கள். இடையில் ஓராண்டு இல்லத்தை மூடியிருந்தால் இந்தச் சங்கிலி எங்கோ ஒரு கண்ணியில் அறுந்திருக்கும்.

ஏழு சிறுவர்கள், பதினாறு ஆண்டுகள்

1905 பிப்ரவரியில் மயிலாப்பூரில் ஒரு வாடகை வீட்டில் ஏழு ஏழைச் சிறுவர்களுடன் ராமகிருஷ்ண மாணவர் இல்லம் தொடங்கியது. ராமகிருஷ்ணானந்தரின் தூண்டுதலால் அப்பொறுப்பை ஏற்றவர்கள் ராமசாமி ஐயங்காரும் ராமானுஜாசாரியாரும். கிராமத்திலிருந்து படிக்க வந்து, உண்ண வழியின்றித் தவித்த மாணவர்க்கு உணவும் உறைவிடமும் தருவதே நோக்கம்.

சொந்தக் கட்டடத்துக்கு 1917இல் சுவாமி பிரம்மானந்தர் அடிக்கல் நாட்டினார். 1921இல் அவரே திறந்து வைத்தார். தொடக்கம் முதல் திறப்பு வரை பதினாறு ஆண்டுகள். கட்டடம் எழுந்து முடியும் வரை மாணவர்கள் வாடகை வீட்டிலேயே இருந்தார்கள். புதிய இடத்தில் கடைக்கால் தோண்டும்போது பழைய இடத்தில் உலை எரிந்துகொண்டிருந்தது. வாடகையும் கொடுத்து, கட்டடத்துக்கும் பொருள் திரட்டுவது இரட்டைச் சுமை. நன்கொடைக்காக வீடுவீடாக நடந்தவர்களுக்கு அச்சுமை தெரியும். ஆயினும் வாடகையை மிச்சப்படுத்துவோம் என்று மாணவரை அனுப்பிவிட அவர்கள் நினைக்கவில்லை. மாணவர் இல்லாத மாணவர் இல்லத்தைக் கட்டி என்ன பயன்?

அடையாற்றிலும் தியாகராய நகரிலும்

சுப்புலட்சுமி பிறந்த அதே 1886ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. மருத்துவர், சென்னை மாகாணச் சட்ட மேலவையின் துணைத் தலைவர், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர். அம்முறையிலிருந்து விடுபட விரும்பிய சிறுமியர் சிலர் போக்கிடமின்றி அவரை நாடி வந்தனர். விடுதிகள் அவர்களை ஏற்கத் தயங்கின. முத்துலட்சுமி அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 1930இல் அவ்வை இல்லம் அப்படிப் பிறந்தது. பின்னர் அடையாற்றில் நிலைகொண்டது. இங்கும் அதே வரிசையைக் காணலாம்: முதலில் மனிதர், அடுத்து அவர்களுக்கு ஓர் இடம், அதன்பின்னரே கட்டடம்.

தியாகராய நகரில் பாலமந்திர் 1949இல் காமராசரின் ஆதரவோடும் மஞ்சுபாஷிணி அம்மையாரின் உழைப்போடும் தொடங்கியது. அங்கே வளர்ந்தவர்களுள் கைக்குழந்தைகளும் உண்டு. கைக்குழந்தை இருக்கும் இடத்தில் சுவர் இடிப்பது என்றால் தூசி, ஓசை, தண்ணீர்த் தடை எல்லாம் உயிரோடு தொடர்புடைய காரியங்கள். பெரியவர் பொறுத்துக்கொள்வதைக் குழந்தையின் மூச்சு பொறுத்துக்கொள்ளாது.

பழைய கட்டடத்தின் இயல்பு

இந்த இல்லங்களின் காலத்துக் கட்டடங்கள் பலவற்றின் கூரை ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப்படும் முறையில் அமைந்தது. தேக்கு உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வரிசையாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பார்கள். அதன்மேல் செங்கல் உடைசலும் சுண்ணாம்பும் கலந்து கொட்டிக் கட்டையால் பலநாள் தட்டி இறுக்குவார்கள். மேலே தட்டோடு பதிப்பார்கள். உச்சி வெயிலிலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் தட்டோட்டின் இணைப்பு விட்டுப்போனால் மழைநீர் உள்ளே இறங்கும். உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருப்பதால், அது உளுத்துப்போவது வெளியே தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

அதைப் பழுதுபார்க்கும்போது உத்திரத்துக்கு முட்டு கொடுத்து நிறுத்தவேண்டும். கீழே ஒருவரும் இருக்கக் கூடாது. எனவே அந்த அறை முழுவதும் காலியாகவேண்டும். ஆனால் வீட்டின் எல்லா அறைகளும் ஒரே நாளில் காலியாகவேண்டியதில்லை. ஓர் அறையைப் பிரித்து முடித்து, சாந்து உலரவிட்டு, மறு அறைக்குப் போகலாம். சுண்ணாம்பு உலரக் காலம் எடுக்கும். அவசரக்காரருக்கு அது குறை. குடியிருப்போரை வைத்துக்கொண்டு வேலை செய்பவருக்கு அதுவே ஒரு கால அட்டவணை.

இன்று பழுது மட்டுமே காரணமன்று; சட்டமும் கட்டடங்களை மாற்றச் சொல்கிறது. தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 2014இல் வந்தது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தைத் தொடர்ந்து 2016இல் வந்த மாதிரி விதிகள், 50 குழந்தைகள் உள்ள இல்லத்துக்கு 1000 சதுர அடியில் இரண்டு படுக்கைக் கூடங்கள் வேண்டும் என்கின்றன. அதாவது ஒரு குழந்தைக்கு 40 சதுர அடி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் பயன்படுத்தும் பழைய கட்டடங்களிலும் சாய்தளம் முதலிய வசதிகளைச் செய்யக் காலவரையறை வகுத்தது. இவை யாவும் தேவையானவை. ஆனால் இருக்கும் இடத்துக்குள்ளேயே இவ்வளவையும் செய்யும்போது, செய்து முடியும் வரை அக்குழந்தைகள் எங்கே படுப்பார்கள் என்பதற்கு விடை காணவேண்டியவர்கள் இல்லத்தை நடத்துபவர்களே.

அவசரத்தின் விலை

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியலில் ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த ஓலைக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். நாடே அதிர்ந்தது. ஒரு வாரத்துக்குள் அவ்வூரின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் வந்தனர். மூடியது சரியே. ஆனால் இத்தனை பேருக்கும் மாற்றிடம் பல ஆண்டுகளுக்கு முன்னரே ஆயத்தமாக இருந்திருந்தால், அந்த ஓலைக் கொட்டகைக்கே தேவை இருந்திராது. பழுதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தால், ஒருநாள் அது எல்லாரையும் ஒரே நேரத்தில் வெளியேற்றும்.

2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் மடிந்தனர். அங்கும் ஓலைக் கூரை. அதன்பின் தமிழகப் பள்ளிகளின் ஓலைக் கூரைகள் அகற்றப்பட்டன. இவ்விரு துயரங்களும் புதுப்பணி செய்வோர்க்கு ஒன்றைச் சொல்கின்றன: தற்காலிகம் என்ற சொல் காவலைக் குறைத்துக்கொள்ள உரிமை தருவதில்லை. ஆறு மாதம்தானே என்று போடும் கொட்டகையில்தான் ஆறு மாதமும் மனிதர் உறங்குகிறார்கள். நிரந்தரக் கட்டடத்துக்கு வேண்டிய வெளியேறும் வழியும், தீயணைக்கும் ஏற்பாடும், இரவுக் காவலும் அதற்கும் வேண்டும்.

செய்யும் முறை

காப்பகத்தைக் குடியிருப்போருடன் புதுப்பிப்பதற்குரிய முறை, மேற்கண்ட வரலாறுகளிலிருந்தே திரண்டு வருகிறது.

முதலாவது, காலி இடம் ஒன்றை உண்டாக்குதல். பத்து அறைகள் உள்ள இல்லத்தில் பதினோராவதாக ஓர் அறை கிடைத்துவிட்டால் வேலையைத் தொடங்கலாம். ஓர் அறையினர் அதில் குடியேறுவர். அவர்களுடைய அறை செப்பமாகும். அவர்கள் திரும்பியதும் அடுத்த அறையினர் வருவர். அப்பதினோராவது அறை பக்கத்துத் தெருவில் வாடகைக்கு எடுத்த வீடாக இருக்கலாம். பிரார்த்தனைக் கூடமாகவும் இருக்கலாம். ராமகிருஷ்ணானந்தருக்குக் கிடைத்த புறவீடும் இத்தகையதே.

இரண்டாவது, இடிப்பதற்கு முன் கட்டுதல். புதிய கழிப்பறையில் தண்ணீர் வரத் தொடங்கிய பின்னரே பழைய கழிப்பறையின் சுவரில் கடப்பாரை படவேண்டும். சமையலறைக்கும் அவ்வாறே. முதியோர் இல்லத்தில் இரவில் எழுபவர் வழக்கமான வழியில் நடந்து பழகியவர். வழி மாறினால் அதை முன்கூட்டியே நடந்து காட்டவேண்டும். விளக்கும் கைப்பிடியும் வேண்டும். நினைவு தளர்ந்தவர்க்குக் கட்டிலின் திசை மாறுவதுகூட ஒரு கலக்கம். ஆகவே அவருடைய கட்டில், போர்வை, சுவாமி படம் ஆகியவை அவருடனேயே செல்லவேண்டும். கவனித்துக்கொள்ளும் ஆயாவும் மாறக்கூடாது.

மூன்றாவது, பருவம் அறிதல். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கூரையைப் பிரிக்கும் வேலை பொங்கலுக்குப் பிறகு தொடங்கி, ஆடிக்குள் முடிவதே முறை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது தரைத்தளத்து வீடுகள் பட்ட பாட்டை அப்பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள். மின்பலகையும் மருந்தும் ஆவணங்களும் தரைத்தளத்தில் இருந்தால், புதுப்பிக்கும்போதே அவற்றை மேலே ஏற்றிவிடவேண்டும். மாணவர் இல்லமாயின் பொதுத்தேர்வு நடக்கும் வாரங்களில் கல் அறுக்கும் பொறி ஓய்ந்திருக்கவேண்டும்.

நான்காவது, சொல்லிச் செய்தல். எந்த அறை எப்போது, யார் எங்கே, எத்தனை நாள் என்பதைக் குடியிருப்போரிடம் முதலில் சொல்லவேண்டும். ஒருமுறை வீட்டை இழந்து வந்தவர்கள் அவர்கள். மூட்டை கட்டச் சொன்னால் மறுபடியும் வெளியேற்றப்படுகிறோம் என்றே அவர்கள் உள்ளம் நடுங்கும். திரும்பி வரப்போகும் நாளைச் சொல்லி, அந்நாளில் திரும்பச் செய்வதே அந்நடுக்கத்துக்கு மருந்து.

கல்வெட்டில் இடம்பெறாத கொடை

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு. காப்பகம் என்பது இந்நான்கும் ஒரே கூரையின்கீழ் நடைபெறும் இடம். உணவு, மருந்து, கல்வி ஆகிய மூன்றையும் அளந்து கொடுக்கலாம். அபயம் அளவில் அடங்காதது. ‘இன்று இரவும் உனக்கு இங்கே இடம் உண்டு’ என்னும் உறுதி அது. ஒரே ஓர் இரவு அவ்வுறுதி தவறினாலும், அதுவரை அளித்த அபயம் முழுவதும் ஐயத்துக்கு உள்ளாகிவிடும்.

புதிய கட்டடத்துக்குக் கொடை அளிக்க மனமுடையவர் எந்த ஊரிலும் உண்டு. தாய் தந்தையர் பெயரைப் பளிங்கில் பொறித்து வாயிலில் பதிப்பது நன்மக்கள் கடமை. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் வேலை நடக்கும் ஓராண்டுக்குப் பக்கத்துத் தெரு வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுத்தவர் பெயரை எந்தப் பளிங்கும் தாங்குவதில்லை. தற்காலிகக் கழிப்பறைக்குச் செங்கல் வாங்கித் தந்தவருக்கும், படுக்கைகளை ஏற்றிச் செல்ல வண்டி அனுப்பியவருக்கும் திறப்பு விழாவில் பொன்னாடை கிடைப்பதில்லை. திருப்பணி முடிந்ததும் அந்த ஏற்பாடுகள் பிரிக்கப்பட்டுவிடும். நினைவும் உடன் போய்விடும். இக்காரணத்தாலேயே பல இல்லங்களில் கட்டடத்துக்குப் பணம் இருந்தும் வேலை தொடங்காமல் நிற்கிறது. அல்லது குடியிருப்போரை உறவினர் வீடுகளுக்கு அனுப்பிவிட்டுத் தொடங்கப்படுகிறது. அனுப்பப்பட்ட முதியவர் அங்கே எவ்வாறு நடத்தப்பட்டார் என்று பின்னர் எவரும் கேட்பதில்லை.

அறக்கட்டளைகள் இதற்குச் செய்யக்கூடியது எளியது. புதுப்பணிக்கான மதிப்பீடு எழுதும்போதே, கட்டுமானச் செலவின் கீழ் மாற்றிடச் செலவு என்று தனி வரி ஒன்றைச் சேர்க்கவேண்டும். அதற்கும் கொடையாளரை நாடவேண்டும். அவர் பெயரை விழா மலரிலாவது குறித்து வைக்கவேண்டும்.

சகோதரி சுப்புலட்சுமியின் பெண்கள் எழும்பூரில் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று இன்று அவ்வூரில் கேட்டால் காட்டுவோர் அரிது. மாணவர் இல்லத்தின் ஏழு சிறுவர்கள் உறங்கிய வாடகை வீட்டுத் திண்ணையையும் தேடிப் போவார் இல்லை. அவை இல்லாதிருந்தால் கடற்கரை மாளிகையில் குடியேறப் பெண்கள் இருந்திருக்கமாட்டார்கள். 1921இல் திறந்த கதவுக்குள் நுழைய மாணவர்கள் இருந்திருக்கமாட்டார்கள். மயிலையிலிருந்து புறப்பட்ட நேமிநாதர் திருமேனியும் வழியில் எங்கெங்கோ தங்கித்தான் மேல்சித்தாமூரை அடைந்திருக்கும். அவ்விடங்களில் விளக்கேற்றியவர் பெயர்களை மரபு சொல்லவில்லை. விளக்கு அணையவில்லை என்பதை மட்டும் சொல்கிறது.